வணிக நடுவர்

வணிக நடுவர் என்பவர் வணிக ஒப்பந்தங்களிலிருந்து எழும் பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே விசாரித்துத் தீர்ப்பு வழங்குபவர் ஆவார். பிணக்கில் ஈடுபட்ட தரப்பினரே தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தீர்ப்பு எதுவும் வழங்காமல், தரப்பினர் தாமே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுபவர் சமரசர் எனப்படுகிறார். ஒருவரே சில வழக்குகளில் நடுவராகவும் வேறு சில வழக்குகளில் சமரசராகவும் பணியாற்றுவது உண்டு. எந்த வழக்கறிஞர் நிறுவனத்தையும் வணிக நிறுவனத்தையும் சாராமல் இப்பணிகளையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவரைத் தனித்தியங்கும் நடுவர் என்பர்.

நீதிபதிக்கு ஊதியம் தருவது அரசு. நடுவருக்குக் கட்டணம் தருபவர்களோ அவர் யாருடைய வழக்கை விசாரிக்கிறாரோ அத்தரப்பினரே ஆவர். தம்மிடம் பணம் பெறும் ஒருவர் தமக்கு எதிராகவும் தீர்ப்பளிக்கக்கூடும் என்பதை ஏற்று, அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட இரு தரப்பும் முன்வந்தால் மட்டுமே இம்முறை இயங்கும். இத்தொழிலின் பயிற்சி, விதிகள், வழக்கங்கள், சர்ச்சைகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையைச் சுற்றியே அமைந்துள்ளன.

சொல் வழக்கு

தமிழில் நடுவர் என்ற சொல் விளையாட்டு நடுவர், பட்டிமன்ற நடுவர், குற்றவியல் வழக்குகளை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இக்கட்டுரையில் குறிப்பிடப்படுபவர் இவர்களிலிருந்து வேறானவர். செய்தித்தாள்களில் மத்தியஸ்தர் என்ற சொல் தீர்ப்பு வழங்குபவரையும் பேசித் தீர்க்க உதவுபவரையும் ஒருங்கே குறிப்பதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பேசித் தீர்க்கும் இடம் சமரச மையம் என்றும், அங்கு பணியாற்றுபவர் சமரசர் என்றும் அழைக்கப்படுகின்றனர். இலங்கையில் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் பெரும்பாலும் ஊர்மட்டப் பிணக்குகளைக் கையாள்பவை. அந்நாட்டில் வணிக நடுவர் தீர்ப்புக்கென 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தனியே உள்ளது.

நடுவரும் சமரசரும்

இரு பணிகளுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடுகள் பின்வருமாறு:

* நடுவர் சான்றுகளையும் வாதங்களையும் கேட்டுத் தாமே முடிவு செய்கிறார். சமரசர் முடிவு செய்வதில்லை, முடிவு தரப்பினருடையது.
* நடுவர் ஒரு தரப்பினரை மட்டும் தனியே சந்தித்து வழக்கைப் பற்றிப் பேசுதல் கூடாது. சமரசருக்குத் தனி அமர்வுகளே முதன்மையான கருவி.
* நடுவரின் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்றத்தக்கது. சமரசம் கைகூடாவிட்டால் தரப்பினர் எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி விலகிச் செல்லலாம்.
* நடுவர் நடந்து முடிந்தவற்றை ஆராய்ந்து யாருக்கு என்ன உரிமை என்று காண்கிறார். சமரசர் இரு தரப்பினருக்கும் இனி என்ன தேவை என்று வினவுகிறார்.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரிலுள்ள ஒரு பம்பு உற்பத்தி நிறுவனம், சரக்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருளை உருவாக்கச் சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்ததாகக் கொள்வோம். மென்பொருள் சரிவர இயங்கவில்லை என்று கூறி உற்பத்தி நிறுவனம் கடைசித் தவணையான 60 இலட்சம் ரூபாயைத் தர மறுக்கிறது. தேவைகளை மாதந்தோறும் மாற்றியதே கோளாறுக்குக் காரணம் என்கிறது மென்பொருள் நிறுவனம்.

நடுவர் இவ்வழக்கில் ஒப்பந்தத்தையும், தேவைகள் மாற்றப்பட்டபோது பரிமாறப்பட்ட மின்னஞ்சல்களையும், வல்லுநரின் சோதனை அறிக்கையையும் படித்து, 60 இலட்சத்தில் எவ்வளவு தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளிப்பார். சமரசரோ தனி அமர்வுகளில் வேறு செய்திகளை அறியக்கூடும். நிதியாண்டு முடிவதற்குள் கணக்கு முடிக்க மென்பொருள் தேவை என்பது ஒரு தரப்பின் கவலையாக இருக்கலாம். தன் முதல் பெரிய வாடிக்கையாளரை இழக்கக்கூடாது என்பது மறு தரப்பின் கவலையாக இருக்கலாம். குறைகளைக் களைந்தபின் தவணையில் ஒரு பகுதி, அதன்பின் மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற தீர்வு அங்கே உருவாகலாம். இத்தகைய தீர்வை வழங்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை.

வரலாறு

வணிகர்கள் தம் பிணக்குகளைத் தம் தொழிலறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பது மிகப் பழைய வழக்கமாகும். ஆனால் அதனைத் தனியொரு தொழிலாக ஒழுங்குபடுத்திய நிறுவனங்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோன்றின. இலண்டன் பன்னாட்டு நடுவர் தீர்ப்பு மன்றத்தின் முன்னோடி அமைப்பு 1892 இல் தொடங்கப்பட்டது. நடுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பட்டய நடுவர்கள் கழகம் 1915 இல் இலண்டனில் நிறுவப்பட்டது. பாரிசிலுள்ள பன்னாட்டு வணிகக் கழகத்தின் நடுவர் தீர்ப்பு மன்றம் 1923 இலும், ஆங்காங்கு மையம் 1985 இலும், சிங்கப்பூர் மையம் 1991 இலும் செயல்படத் தொடங்கின.

இத்தொழில் நாடு கடந்து விரிந்ததற்கு 1958 ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை அடிப்படையாகும். ஒரு நாட்டில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பை மற்றொரு நாட்டின் நீதிமன்றங்கள் ஏற்று நிறைவேற்ற இவ்வுடன்படிக்கை வழிசெய்கிறது. 170 இற்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. சமரச உடன்பாடுகளுக்கு இதையொத்த ஏற்பை அளிக்கும் சிங்கப்பூர் உடன்படிக்கை 2019 ஆகத்து 7 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. முதல் நாளிலேயே கையெழுத்திட்ட 46 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இந்தியாவில்

பிரித்தானிய இந்தியாவில் 1899 இல் இயற்றப்பட்ட நடுவர் தீர்ப்புச் சட்டம் முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்குப் பொருந்தியது. அடுத்து வந்த 1940 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதிமன்றத் தலையீடு மிகுதியாக இருந்தது. அச்சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்த விதம் வழக்கறிஞர்களைச் சிரிக்கவும் சட்ட மெய்யியலாளர்களை அழவும் வைத்ததாக உச்ச நீதிமன்றம் 1981 இல் ஒரு தீர்ப்பில் குறைபட்டுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 1985 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவி 1996 இல் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்குவிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இது 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது.

சமரசத்தின் வளர்ச்சியில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. நீதிமன்றங்கள் வழக்குகளைச் சமரசம் போன்ற மாற்று வழிகளுக்கு அனுப்ப இடமளிக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89 ஆம் பிரிவு 2002 இல் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பற்றிய முதன்மையான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் வழங்கப்பட்டவை. 2005 இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், இந்தியாவில் நீதிமன்றத்துடன் இணைந்த முதல் சமரச மையம் தொடங்கப்பட்டது. அதனை உருவாக்குவதில் முன்னின்ற மூத்த வழக்கறிஞர் சிறீராம் பஞ்சு, 2019 இல் அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் சமரசக் குழுவிலும் இடம்பெற்றார்.

2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குகளைத் தொடுக்குமுன் சமரசத்துக்கு முயலவேண்டும். இது கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. 2023 இல் தனியாகச் சமரசச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சில பிரிவுகள் முதற்கட்டமாக அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்தன.

தொழிலுக்குள் நுழைதல்

வணிக நடுவராவதற்கு இந்தியச் சட்டம் குறிப்பிட்ட பட்டம் எதனையும் கட்டாயமாக்கவில்லை. 2019 இல் சேர்க்கப்பட்ட எட்டாம் அட்டவணை நடுவர்களின் தகுதிகளைப் பட்டியலிட்டது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள் ஆகியோருடன் கட்டடப் பொறியாளர்கள், கணக்காய்வாளர்கள், கப்பல் வணிகம் அறிந்தோர் ஆகியோரும் இத்தொழிலில் உள்ளனர். 1960 இல் தொடங்கப்பட்ட இலண்டன் கடல்சார் நடுவர்கள் சங்கத்தில், சட்டம் பயிலாது கப்பல் தொழிலில் நீண்டகாலம் உழைத்தவர்கள் நடுவர்களாக விளங்குவது நெடுநாள் மரபாகும்.

ஒருவரின் தொழில்வாழ்க்கை பெரும்பாலும் பின்வரும் படிநிலைகளைக் கொண்டிருக்கும்:

1. முதல் தொழில்: சட்டம், பொறியியல், கணக்கியல் போன்ற ஒரு துறையில் பல ஆண்டு அனுபவம் பெறுதல்.
2. பயிற்சி: விசாரணை நடத்தும் முறை, சான்றுகளை மதிப்பிடுதல், தீர்ப்பு எழுதுதல் ஆகியவற்றைக் கற்றல். பட்டய நடுவர்கள் கழகம் மூன்று நிலைகளில் உறுப்புரிமை வழங்குகிறது. இந்திய நீதிமன்றங்களின் சமரசர் பட்டியலில் இடம்பெற 40 மணி நேரப் பயிற்சி வழக்கமான தேவையாகும்.
3. அருகிருந்து கற்றல்: வழக்கறிஞராகவோ, வல்லுநர் சாட்சியாகவோ, நடுவர் தீர்ப்பாயத்தின் செயலராகவோ பணியாற்றுதல்.
4. முதல் நியமனங்கள்: சிறுதொகை வழக்குகளை, பல வேளைகளில் ஆவணங்களை மட்டும் கொண்டு, தனி நடுவராகத் தீர்த்தல்.
5. தனித்தியங்கல்: முந்தைய நிறுவனத்திலிருந்து விலகி முழுநேர நடுவராதல்.

இவற்றுள் நான்காம் படி கடினமானது. தரப்பினர் அனுபவம் உள்ளவரையே நாடுவர்; நியமனம் கிடைக்காதவருக்கு அனுபவம் வாய்ப்பதில்லை. விசாரணைகள் மறைவடக்கம் உடையவை என்பதால் தாம் எழுதிய நல்ல தீர்ப்புகளை ஒருவர் வெளியிட்டுக் காட்டவும் இயலாது. எனவே நீதிமன்றங்களும் நடுவர் தீர்ப்பு மையங்களும் தாமாகச் செய்யும் நியமனங்களே புதியவர்களுக்கு முதன்மையான வாயிலாக அமைகின்றன.

ஐந்தாம் படிக்குக் காரணம் தன்னுரிமை விருப்பம் மட்டுமன்று. பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் பங்குதாரருக்கு, அந்நிறுவனத்தின் அனைத்து வாடிக்கையாளர்களும் தொடர்புடையவர்களாகவே கருதப்படக்கூடும். அவர்களுள் யாரேனும் ஒரு வழக்கில் தரப்பினராக இருந்தால் அவர் அந்நியமனத்தை ஏற்க இயலாமல் போகலாம். நிறுவனத்தைவிட்டு விலகுவது இத்தடைகளைக் குறைக்கிறது. அதற்கு ஈடாக நிலையான வருமானத்தை அவர் இழக்கிறார். அடுத்த நியமனம் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை.

சார்பின்மையும் நடுநிலைமையும்

சார்பின்மை என்பது தரப்பினருடன் பணம், உறவு, தொழில் ஆகிய தொடர்புகள் இல்லாதிருத்தல். நடுநிலைமை என்பது மனத்தளவில் எப்பக்கமும் சாயாதிருத்தல். முன்னது புறத்தே தெரிவது. பின்னதை நேரடியாகக் காண இயலாது. எனவே சட்டங்கள் நடுவரின் மனத்தை ஆராய முற்படாமல், ஐயத்துக்கு இடந்தரும் தொடர்புகளை வெளிப்படுத்துமாறு பணிக்கின்றன.

இந்தியச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, ஒருவர் நியமனத்துக்காக அணுகப்படும்போதே தம் தொடர்புகளை எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். ஐயத்துக்கு இடந்தரும் சூழ்நிலைகள் ஐந்தாம் அட்டவணையில் உள்ளன. கடந்த மூன்று ஆண்டுகளில் அதே தரப்பினரால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுவராக நியமிக்கப்பட்டிருத்தல் அவற்றுள் ஒன்று. ஊழியர், ஆலோசகர் போன்ற நெருக்கமான தொடர்புகள் ஏழாம் அட்டவணையில் உள்ளன. இவை ஒருவரைத் தகுதியற்றவராக்கும்; பிணக்கு எழுந்தபின் இரு தரப்பும் எழுத்துமூலம் வெளிப்படையாக உடன்பட்டால் மட்டுமே இத்தடை நீங்கும். பன்னாட்டு அளவில், பன்னாட்டு வழக்கறிஞர் சங்கம் 2004 இல் வெளியிட்டு 2014 இலும் 2024 இலும் திருத்திய வழிகாட்டுதல்கள் சூழ்நிலைகளைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என வகைப்படுத்துகின்றன.

வெளிப்படுத்தும் கடமையின் எல்லையை விளக்கும் வழக்காக ஆலிபர்ட்டன் எதிர் சப் வழக்கு அடிக்கடி சுட்டப்படுகிறது. 2010 இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துளையிடு மேடை வெடித்த நேர்ச்சியைத் தொடர்ந்து எழுந்த காப்பீட்டுப் பிணக்கு இது. இதில் நடுவராக இருந்தவர், அதே நேர்ச்சி பற்றிய வேறு பிணக்குகளிலும் நியமனங்களை ஏற்றார். அவற்றுள் ஒன்று அதே காப்பீட்டு நிறுவனம் செய்த நியமனமாகும். அதனை அவர் ஆலிபர்ட்டன் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் வழங்கிய தீர்ப்பில், அவர் அதனை வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்றது. எனினும் சூழ்நிலைகளை முழுமையாக நோக்கும்போது அவர் ஒருதலைச் சார்புடையவர் என்ற உண்மையான ஐயம் எழவில்லை என்று கூறி அவரை நீக்க மறுத்தது. 2025 ஆகத்து 1 அன்று நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் புதிய சட்டம் இக்கடமையை எழுத்துவடிவில் சேர்த்துள்ளது.

இந்தியாவில் சர்ச்சை வேறொரு கோணத்தில் எழுந்தது. அரசுத் துறைகளின் ஒப்பந்தங்களில், பிணக்கு எழுந்தால் அத்துறையே நடுவரை நியமிக்கும் என்ற விதி நெடுங்காலம் இருந்துவந்தது. முடிவில் நலன் உடைய ஒருவர் தனி நடுவரைத் தாமே நியமித்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 இல் பெர்க்கின்சு ஈசுட்மன் வழக்கில் கூறியது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசும் தனியாரும் செய்யும் ஒப்பந்தங்களில் இத்தகைய ஒருதலை நியமன விதிகள் சமத்துவ உரிமையை மீறுபவை என்று தீர்ப்பளித்தது. அரசு நிறுவனம் தொகுத்த பட்டியலிலிருந்தே நடுவரைத் தேர்ந்தெடுக்குமாறு மறு தரப்பைக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்றது.

இரு பணிகளையும் ஒருவரே செய்தல்

ஒரே பிணக்கில் ஒருவரே முதலில் சமரசராகவும், சமரசம் தோற்றால் பின்னர் நடுவராகவும் இருக்கலாமா என்பது நெடுநாள் விவாதமாகும். செலவும் நேரமும் மிச்சமாகும் என்பது ஆதரிப்போரின் வாதம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், குறைந்தது 30 இலட்சம் கிடைத்தால் போதும் என்று மென்பொருள் நிறுவனம் சமரசரிடம் தனியே கூறியதாகக் கொள்வோம். அவரே பின்னர் நடுவரானால் அச்செய்தியை மறந்துவிட்டுத் தீர்ப்பளிக்க முடியுமா என்ற கேள்வி எழும். உற்பத்தி நிறுவனம் தனி அமர்வில் கூறியவற்றை மென்பொருள் நிறுவனம் அறியாது; ஆகவே அவற்றை மறுக்கும் வாய்ப்பும் அதற்கு இல்லை. தவிர, பின்னாளில் தீர்ப்பளிக்கப்போகிறவரிடம் எவரும் மனந்திறந்து பேசத் தயங்குவர். சமரசமும் அதனால் கெடும். எனவே தரப்பினர் இருவரும் தெளிவாக உடன்பட்டாலன்றி ஒருவர் இரு பணிகளையும் ஒரே பிணக்கில் ஏற்பதில்லை என்பது பொதுவான நெறியாகும்.

விசாரணையும் தீர்ப்பும்

நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருத்தல் கூடாது. மூவர் அமர்வில் தரப்புக்கு ஒருவராக இருவரும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைமை நடுவர் ஒருவரும் இருப்பர். ஒரு தரப்பால் நியமிக்கப்பட்டவர் என்பதால் அவர் அத்தரப்பின் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை.

உள்நாட்டு வழக்குகளில் இரு தரப்பின் எழுத்துவாதங்களும் முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்கப்படவேண்டும். தரப்பினர் இசைந்தால் மேலும் 6 மாதங்கள் நீட்டிக்கலாம். அதற்குமேல் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. தரப்பினர் வேறுவகையில் உடன்பட்டாலன்றித் தீர்ப்பில் காரணங்கள் கூறப்படவேண்டும். தீர்ப்புக்கு எதிராக 34 ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் நடுவர் சான்றுகளைத் தவறாக எடைபோட்டார் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிப்பதில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஐவரில் நால்வர் என்ற பெரும்பான்மையில், தீர்ப்பைத் திருத்தும் அதிகாரமும் நீதிமன்றங்களுக்கு வரையறுக்கப்பட்ட அளவில் உண்டு என்றது. மேல்முறையீட்டுக்கு இடம் குறைவு என்பதால் நடுவர் செய்யும் பிழையை ஒரு தரப்பினர் இறுதிவரை சுமக்க நேரிடலாம். நடுவரைத் தேர்ந்தெடுப்பதில் தரப்பினர் பெரிதும் கவனம் செலுத்துவதற்கு இதுவும் காரணமாகும்.

கட்டணம்

இந்தியச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, கோரப்படும் தொகைக்கு ஏற்ற மாதிரிக் கட்டணத்தைத் தருகிறது. 5 இலட்சம் ரூபாய் வரையிலான பிணக்குக்கு 45,000 ரூபாய் என்று தொடங்கும் இதன் உச்சவரம்பு 30 இலட்சம் ரூபாய். தனி நடுவருக்கு 25 விழுக்காடு கூடுதலாக உண்டு. 20 இலட்சம் முதல் 1 கோடி வரையிலான படிநிலையில் 97,500 ரூபாயும், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 விழுக்காடும் கட்டணமாகும். இதன்படி 60 இலட்சம் ரூபாய்ப் பிணக்கில் தனி நடுவருக்கு 2,71,875 ரூபாய் வரும். மூவர் அமர்வானால் மொத்தம் 6,52,500 ரூபாய் வரும். சிறிய பிணக்குகளில் தனி நடுவரை நாடுவது ஏன் என்பதை இக்கணக்கு விளக்கும்.

உச்சவரம்பு ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனியே பொருந்தும் என்றும், தரப்பினரின் இசைவின்றி நடுவர்கள் தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்க இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 ஆகத்தில் தெளிவுபடுத்தியது. பன்னாட்டு வழக்குகளுக்கும், மையங்களின் விதிப்படி நடக்கும் வழக்குகளுக்கும் இவ்வட்டவணை பொருந்தாது. சமரசரின் கட்டணத்தை இரு தரப்பும் சமமாகப் பகிர்ந்துகொள்வது வழக்கம். யார் வென்றாலும் தோற்றாலும், உடன்பாடு ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும் கட்டணம் மாறாதிருப்பது நடுநிலைமைக்குத் துணைசெய்கிறது.

விமர்சனங்கள்

* மீண்டும் மீண்டும் நியமனம் பெற விரும்பும் நடுவர், அடிக்கடி வழக்குகளில் ஈடுபடும் பெரிய நிறுவனங்களுக்கு இசைவாக நடக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. தரப்பினர் தத்தமக்கு ஒரு நடுவரை நியமிக்கும் வழக்கத்தையே கைவிடவேண்டும் என்று புகழ்பெற்ற நடுவரான யான் பால்சன் 2010 இல் வாதிட்டார்.
* இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதிகளே மிகுதியாக நியமிக்கப்படுவதால் விசாரணைகள் நீதிமன்ற நடைமுறையைப் போலவே நீள்கின்றன என்ற குறை கூறப்படுகிறது.
* இந்திய நிதியமைச்சகம் 2024 சூன் 3 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில், அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பை 10 கோடி ரூபாய்க்குக் குறைவான பிணக்குகளுக்கு மட்டுப்படுத்தவும், சமரசத்தை ஊக்குவிக்கவும் பரிந்துரைத்தது.
* நடுவர்களுள் பெண்கள் குறைவு. இதனை மாற்றுவதற்கான பன்னாட்டு உறுதிமொழி ஒன்று 2016 இல் தொடங்கப்பட்டது.
* மறைவடக்கம் வணிக இரகசியங்களைக் காக்கிறது. ஆனால் பொதுப்பணம் தொடர்புடைய பிணக்குகளில் என்ன முடிவானது என்பதை மக்கள் அறிய இயலாமல் போகிறது.

இவற்றையும் பார்க்க

* நியூயார்க் உடன்படிக்கை
* சிங்கப்பூர் உடன்படிக்கை
* மக்கள் நீதிமன்றம்
* ஒப்பந்தச் சட்டம்
* இயற்கை நீதி